திரை வராத லினக்ஸ்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள். வாங்கித் தரும் பொறுப்பு எல்காட் என்கிற தமிழ்நாடு மின்னணு நிறுவனத்துக்கு. அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்தப் பெட்டிகள் மாநிலத்தின் எல்லா மூலைக்கும் போயின. விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கழுவெளிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் மரக்காணத்துக்கும் போயின.

தூத்துக்குடி, வேதாரண்யம் என்று சொல்லிக்கொண்டு வந்தால் உப்புக்கு அடுத்து வரும் பெயர் மரக்காணம். மழை ஓய்ந்து பாத்தி சீராக்கினால் அடுத்த மழை வரும்வரை வேலை இருக்கும். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் அளத்தில் தண்ணீர் நிற்கும், கூலி நிற்கும். அப்படிப்பட்ட வீட்டுக்குள் பிளஸ் டூ படிக்கிற பெண்ணோ பையனோ கொண்டுவந்த மடிக்கணினிதான் பெரும்பாலும் அந்த வீட்டின் முதல் கணினி. அதில் ஏதாவது ஆனால் திண்டிவனம் போகணும், இல்லை புதுச்சேரி போகணும். பஸ் காசு ஒரு பக்கம், கூடப் போகிறவரின் ஒருநாள் கூலி இன்னொரு பக்கம்.

இந்தக் கட்டுரை அந்தக் கணினிகளுக்கு நேரக்கூடிய பல கோளாறுகளில் ஒன்றைப் பற்றியது. லினக்ஸ் நிறுவலாம் என்று சி.டி.யையோ பென்டிரைவையோ போடுகிறோம். ஏதோ ஒரு பெயர் தெரிகிறது, சில வரிகள் ஓடுகின்றன, பிறகு திரை கறுத்துவிடுகிறது. உள்ளே மின்விசிறி ஓடுகிறது, வட்டு விளக்கு சிமிட்டுகிறது. திரையில் மட்டும் ஒன்றுமில்லை. "கவர்மென்டு குடுத்ததைக் கெடுத்துட்டியா?" என்று வீட்டில் ஒரு குரல் எழும். கெட்டுப்போகவில்லை. ஆனால் அதைச் சொல்ல ஆள் வேண்டும்.

அந்தக் கறுப்புத் திரைக்கு முப்பது வருட வரலாறு இருக்கிறது. அதன் ஒவ்வொரு கட்டத்திலும் நடந்தது ஒன்றேதான். திரையை எழுப்பத் தேவையான ஏதோ ஒரு தகவல் யாரோ ஒருவரின் கையில் இருந்தது. கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் கையில் இல்லை.

மானிட்டரின் எண்கள்

லினக்ஸில் படம் காட்டும் வேலையை நெடுங்காலம் செய்தது எக்ஸ் விண்டோ. 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்தது. அதைச் சாதாரணப் பிசிக்குக் கொண்டுவந்த எக்ஸ்ஃப்ரீ86 என்ற திட்டம் 1992-இல் தொடங்கியது. அதை நிறுவுகிறவரிடம் அது கேட்ட முதல் கேள்வியே விசித்திரமானது: உங்கள் மானிட்டரின் கிடைமட்ட அதிர்வெண் என்ன, செங்குத்து அதிர்வெண் என்ன?

ஏன் கேட்டது? பழைய குழாய் மானிட்டரில் ஒரு மின்னணுக் கற்றை இடமிருந்து வலமாகக் கோடு போட்டுக்கொண்டே மேலிருந்து கீழே இறங்கும். 1024 பெருக்கல் 768 என்ற படத்தை நொடிக்கு 60 முறை காட்டவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கற்றை திரும்பி வருவதற்கான நேரத்தையும் சேர்த்தால் ஒரு கோட்டுக்கு 1344 புள்ளிகள், ஒரு படத்துக்கு 806 கோடுகள். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ ஆறரைக் கோடிப் புள்ளிகள், 48,000-க்குச் சற்று மேற்பட்ட கோடுகள். இந்தக் கணக்கை ஒரே வரியில் எழுதிக் கொடுப்பதற்கு 'மோட்லைன்' என்று பெயர். மானிட்டரால் முடியாத எண்ணைக் கொடுத்தால் படம் கோடுகோடாக உருளும், அல்லது இருண்டுவிடும். தவறான எண் மானிட்டரையே பாழாக்கலாம் என்று எக்ஸ்ஃப்ரீ86-இன் கையேடு எச்சரித்தது. விண்டோஸ் பயனருக்கு இந்தத் தொல்லை குறைவு. வன்பொருள் நிறுவனங்கள் அதற்கான பிளாப்பியைக் கூடவே கொடுத்தன.

நம்மூரில் லினக்ஸ் பரவியது பத்திரிகைகளோடு வந்த சி.டி.க்கள் வழியாக. 1990-களில் பிசி குவெஸ்ட் கொடுத்தது, 2003 முதல் லினக்ஸ் ஃபார் யூ கொடுத்தது. சி.டி. வந்துவிட்டது, மானிட்டரோடு வந்த கையேடு எங்கே? பெட்டியோடு எப்போதோ பழைய பேப்பருக்குப் போயிருக்கும். உதிரி வாங்கிக் கோத்த கணினி என்றால் கையேடு என்று ஒன்று வந்திருக்கவே வாய்ப்பில்லை.

இந்தச் சிக்கலை வேசா என்ற தொழில் அமைப்பு 1994-இல் தீர்க்கத் தொடங்கியது. மானிட்டரே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளட்டும் என்று 128 பைட் அளவில் ஒரு சிறு குறிப்பு. இடிஐடி என்று அதற்குப் பெயர். நீல முனை கொண்ட விஜிஏ கம்பியின் 15 ஊசிகளில் 12-ஆவதும் 15-ஆவதும் இந்தக் குறிப்பைப் படிப்பதற்கானவை. படம் வரும் ஊசிகள் வேறு.

கடற்கரை ஊர்களுக்கு இது முக்கியம். உப்புக்காற்றில் செம்பு பச்சை பூக்கும். முலாம் தேய்ந்த ஊசி அரிக்கும். படத்தைக் கொண்டுவரும் ஊசிகள் நன்றாக இருந்து, 12-ஆவது மட்டும் சரியாகத் தொடாவிட்டால் என்னாகும்? படம் வரும், ஆனால் மானிட்டர் யார் என்று லினக்ஸுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் அது பாதுகாப்பான சிறிய அளவுக்கு இறங்கிக்கொள்ளும். அகலத் திரையில் எழுத்தெல்லாம் பெருத்து, மங்கி, இழுத்துப் பிடித்ததுபோல் நிற்கும். உடனே 'டிரைவர் சரியில்லை' என்று தேட ஆரம்பிப்போம். கம்பியைக் கழற்றி, ஊசிகளைத் துடைத்து, வேறு கம்பி மாட்டிப் பார்ப்பதுதான் முதல் வேலை. ஐந்து நிமிடம்கூட ஆகாது.

தெரியாத சிப்

மானிட்டர் பேசக் கற்றுக்கொண்ட பிறகு பிரச்சினை கிராபிக்ஸ் சிப்புக்கு மாறியது. சிப்புக்குள் எந்தப் பதிவேட்டில் எந்த எண்ணை எழுதினால் எது நடக்கும் என்பது அதைச் செய்தவருக்குத்தான் தெரியும். 1990-களின் தொடக்கத்தில் டயமண்ட் என்ற பெயர்பெற்ற கார்டு நிறுவனம் அந்த விவரத்தைத் திறந்த நிரலாளர்களுக்குத் தர மறுத்தது. லினக்ஸ் போடுகிறவர்கள் டயமண்ட் கார்டு வாங்கவேண்டாம் என்று எக்ஸ்ஃப்ரீ86 குழு வெளிப்படையாகவே சொன்னது. சில ஆண்டுகளில் டயமண்ட் இறங்கிவந்தது.

சிஸ் கதை வேறு மாதிரி. தைவான் நிறுவனமான சிஸ்ஸின் மலிவுச் சிப்கள் விலை குறைந்த மடிக்கணினிகளில் நிறைய வந்தன. அவற்றுக்கான லினக்ஸ் டிரைவரை வியன்னாவைச் சேர்ந்த தாமஸ் வினிஷ்ஹோஃபர் பெரும்பாலும் தனி ஆளாக எழுதிப் பராமரித்தார். அவர் விலகிய பிறகு வந்த சிஸ் 671 சிப்புக்குச் சரியான டிரைவர் எக்ஸின் அதிகாரப்பூர்வத் தொகுப்பில் வரவே இல்லை. அந்தச் சிப் கொண்ட மடிக்கணினி வாங்கியவர்கள் 'வேசா' என்ற பொது டிரைவரோடு, திரையின் அகலத்துக்குப் பொருந்தாத படத்தோடு காலம் தள்ளினார்கள். ஒரே ஒருவர் எழுதுவதை நிறுத்தினால் உலகெங்கும் எத்தனை திரைகள் இழுபடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

எல்காட் இந்தக் கதைக்குள் மடிக்கணினித் திட்டத்துக்கு முன்பே வந்துவிட்டது. 2006, 2007 வாக்கில், சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அதன் மேலாண் இயக்குநராக இருந்தபோது, எல்காட் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அதே 2007 செப்டம்பரில் ஏஎம்டி தன் ரேடியான் சிப்களின் ஆவணங்களை வெளியிட முன்வந்தது. அந்த ஆவணங்களை வைத்து முதலில் டிரைவர் எழுத உட்கார்ந்தவர்கள் ஜெர்மனியில் இருந்த சூசே நிரலாளர்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததாகச் சொல்ல வரவில்லை. ஆனால் மொத்தமாகக் கணினி வாங்குகிற அரசுகளும் நிறுவனங்களும் லினக்ஸ் பக்கம் திரும்பிய காலத்தில்தான் சிப் நிறுவனங்களின் பூட்டும் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. தனி ஆள் கேட்டால் கிடைக்காத டிரைவர், லட்சக்கணக்கில் வாங்குகிறவர் ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரி எழுதினால் கிடைக்கும்.

மைய அரசின் முயற்சியும் சென்னையில்தான் நடந்தது. 2005-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தில் சி-டாக் சென்னையும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் பங்காளிகள். அங்கிருந்து 2007-இல் வெளிவந்தது பாஸ் லினக்ஸ். டெபியனை அடியாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளோடு வந்தது. எல்காட் மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்த்து வைக்கப்பட்டது இந்த பாஸ்தான்.

ஒரு சொல் மருந்து

கையில் வரும்போதே பாஸ் இருந்தது என்றால் பிறகு எதற்கு நிறுவவேண்டும்? வைரஸ் புகுந்து வட்டை அழித்திருப்பார்கள். கல்லூரியில் சேர்ந்ததும் உபுண்டு கேட்டிருப்பார்கள். கடைக்காரர் திருட்டு விண்டோஸ் போடும்போது பாஸையும் சேர்த்து அழித்திருப்பார். காரணம் எதுவானாலும் அந்த மாணவர் புதிதாக ஒரு லினக்ஸைப் போட்டுப் பார்க்கிற நிலைக்கு வருகிறார். அப்போது திரை கறுக்கிறது.

இதற்கான காரணம் 2009-இல் நடந்த ஒரு நல்ல மாற்றத்தில் இருக்கிறது. அதுவரை திரையின் அளவை அமைக்கும் வேலையை எக்ஸ் செய்துவந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் வந்த லினக்ஸ் கர்னல் 2.6.29 முதல், இன்டெல் சிப்களுக்கு அந்த வேலையைக் கர்னலே எடுத்துக்கொண்டது. மற்றவை பின்னால் வந்தன. பலன் நல்லது. கணினி எழும்போதே திரை தன் முழு அளவுக்கு வரும், நடுவில் மினுக்காது. ஆனால் கர்னலுக்கு அந்தச் சிப்பைச் சரியாகத் தெரியாவிட்டால், முதல் சில நொடிகளிலேயே, ஒரு பிழைச்செய்தியைக்கூடப் படிக்க முடியாதபடி திரை இருண்டுவிடும்.

2011 ஜனவரியில் இன்டெல் சாண்டி பிரிட்ஜ் என்ற புதிய தலைமுறைச் சிப்களை வெளியிட்டது. அப்போது பலரிடம் இருந்த உபுண்டு 10.04 சி.டி. 2010 ஏப்ரலில் வந்தது. சி.டி. எழுதப்பட்ட நாளில் அந்தச் சிப் சந்தையிலேயே இல்லை. தரவிறக்க வசதி உள்ளவர் புதிய பதிப்பை இறக்கிக்கொள்வார். உப்பள ஊரில் 700 எம்.பி. இறக்குவது அன்றைக்கு ஒரு வாரத் திட்டம். அதனால் பழைய சி.டி.யும் புதிய சிப்பும் அங்கேதான் அதிகம் மோதிக்கொள்ளும்.

உதவிக்கு யாராவது தெரிந்தவரை அழைத்தால் பேச்சு இப்படித்தான் போகும்:

"அண்ணா, பேர் வந்துச்சு, அப்புறம் இருட்டாயிடுச்சு."

"கேப்ஸ் லாக் அழுத்திப் பாரு. விளக்கு மாறுதா?"

"மாறுதுண்ணா."

"அப்ப மெஷின் உயிரோடதான் இருக்கு. பயப்படாத. ஆஃப் பண்ணி மறுபடி ஆன் பண்ணு. பட்டியல் வரும்போது 'இ' எழுத்தைத் தட்டு."

'இ' தட்டினால் குரப் என்ற தொடக்க நிரலின் வரிகள் திறக்கும். அதில் 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போய், 'குயட் ஸ்ப்ளாஷ்' என்பதை அடுத்து 'நோமோட்செட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்து, கன்ட்ரோலும் எக்ஸும் அழுத்தவேண்டும். 'திரை அளவை அமைக்கிற வேலையில் இப்போது நீ கைவைக்காதே' என்று கர்னலிடம் சொல்வது அது. கர்னல் ஒதுங்கிக்கொள்ளும், பொது டிரைவர் எழும், மங்கலாகவோ பெரிதாகவோ ஒரு படம் வந்துவிடும்.

நோமோட்செட் நோயைத் தீர்ப்பதில்லை, மருத்துவமனைவரை கொண்டுபோய்ச் சேர்க்கும். அதோடு நிறுத்திக்கொண்டால் வீடியோ தட்டுத்தடுமாறும், வேலையெல்லாம் முதன்மைச் செயலியின் தலையில் விழுந்து மடிக்கணினி சுடும். நிறுவி முடித்ததும் புதிய கர்னல் போட்டு, அந்தச் சொல்லை எடுத்துவிடவேண்டும். இந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்லாமல் விட்டதால், 'லினக்ஸ்னாலே ஸ்லோ' என்று ஒரு பேர் நிலைத்தது.

எல்லாக் கறுப்புத் திரைக்கும் இதே மருந்து இல்லை. சில மடிக்கணினிகளில் படம் வந்திருக்கும், பின்விளக்கு மட்டும் அணைந்திருக்கும். கண்டுபிடிக்கும் வழி எளிது: அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சாய்த்துத் திரையில் அடித்துப் பார்க்கணும். சின்னங்கள் மங்கலாகத் தெரிந்தால் கிராபிக்ஸ் டிரைவரைக் குறைசொல்ல வேண்டியதில்லை. வெளிச்சத்தைக் கூட்டும் விசையை அழுத்திப் பார்க்கவேண்டும், பிறகு பின்விளக்குக்கான அமைப்பைத் தேடவேண்டும். 2012-இல் சென்னைக்கு வெளியே மின்வெட்டு நாள்கணக்காக, மணிக்கணக்காக நீண்டது நினைவிருக்கலாம். பாதி நிறுவலில் மின்கலம் தீர்ந்துபோன கணினியும் மறுநாள் கறுப்பாகத்தான் எழும். அதற்கு மறுபடி முதலிலிருந்து நிறுவுவதே வழி.

சொல்லிக்கொடுத்தவர்கள்

இவற்றில் எதுவும் ரகசியம் கிடையாது. ஆங்கிலத்தில் எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் திரையே வராத கணினியில் உட்கார்ந்து அதை எப்படித் தேடுவது? அந்த வீட்டில் இரண்டாவது கணினி கிடையாது. ஆக, தகவல் மனிதர் வழியாகத்தான் போயாகவேண்டும்.

சென்னையில் லினக்ஸ் பயனர் குழு மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐ.ஐ.டி.யில் கூடிவந்தது. மரக்காணத்திலிருந்து அது தொலைவு. தெற்கே புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் வேலை செய்தது. மேற்கே மாவட்டத் தலைநகரில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது. இந்தக் குழுக்கள் நடத்திய நிறுவல் விழாக்களில் ஒரு நன்மை உண்டு. பத்துப் பேர் ஒரே எல்காட் மாடலோடு வந்தால், முதல் கணினியில் ஒரு மணி நேரம் போராடிக் கண்டுபிடித்த விடை மீதி ஒன்பதுக்கும் ஐந்து நிமிடத்தில் பொருந்திவிடும். ஒரே மாதிரியான கணினிகளை லட்சக்கணக்கில் கொடுத்த திட்டத்தின், யாரும் திட்டமிடாத பயன் அது.

எழுத்தில் செய்தவர்களும் இருக்கிறார்கள். 2012 ஜனவரியில் த. சீனிவாசன் ஆசிரியராக இருந்து தொடங்கிய கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் தொடர்ந்து எழுதிவருகிறது. து. நித்யாவின் 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' இலவச மின்னூலாகப் பலரிடம் போய்ச் சேர்ந்தது. 'ஸ்கிரீன் வரலைன்னா என்ன பண்ணணும்' என்பதைத் தாய்மொழியில், கைபேசியில் படிக்க முடிந்தபோதுதான் அந்த இரண்டாவது கணினி இல்லாத குறை கொஞ்சமாவது தீர்ந்தது.

மறுபடியும் அதே கேள்வி

இந்த வரலாற்றின் கடைசிப் பூட்டு ஃபர்ம்வேர். ஏஎம்டி ஆவணங்களைத் தந்தாலும், சிப் விழித்துக்கொள்ள அதற்குள் ஏற்றவேண்டிய ஒரு சிறு மூடிய கோப்பு தேவைப்பட்டது. சுதந்திரமில்லாத எதையும் அடிப்படையில் சேர்ப்பதில்லை என்ற கொள்கையால் 2011 பிப்ரவரியில் வந்த டெபியன் 6 அந்தக் கோப்புகளைத் தன் கர்னலிலிருந்து விலக்கியது. கொள்கை சரி. ஆனால் ரேடியான் வைத்திருந்த புதியவருக்குத் திரை வரவில்லை, அல்லது அரைகுறையாக வந்தது. பத்தாண்டுக்கும் மேலான விவாதத்துக்குப் பிறகு 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அதிகாரப்பூர்வ நிறுவியிலேயே ஃபர்ம்வேர் இருக்கிறது. இது கொள்கைச் சறுக்கல் என்று சொல்பவர்கள் உண்டு. திரையே வராதவரிடம் சுதந்திரம் பற்றி எப்படிப் பேசுவது என்று கேட்டவர்கள் பக்கம்தான் எனக்கு நியாயம் தெரிகிறது.

இப்போது இது ஏன் முக்கியம்? 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. திட்டத்தின் பிற்காலத்தில் கொடுக்கப்பட்ட லெனோவோ ஈ41 வரிசை மடிக்கணினிகளில் இருக்கும் ஏஎம்டி ஏ4, ஏ6 சிப்கள் விண்டோஸ் 11-க்கு ஏற்றவை என்ற பட்டியலில் இல்லை. கணினிகள் ஓடுகின்றன, தட்டச்சுப் பலகை வேலை செய்கிறது. அவற்றுக்கு முன்னால் இரண்டு வழிதான்: ஒன்று காயலான் கடை, மற்றது லினக்ஸ். தம்பி, தங்கைகளுக்குக் கைமாறிய அந்தக் கணினிகளில் லினக்ஸ் நிறுவுகிறவர்கள் இனிமேல்தான் அதிகமாவார்கள். 2025 நிதிநிலை அறிக்கை கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்திருக்கிறது. ஏழெட்டு வருடம் கழித்து அவற்றுக்கும் இதே நாள் வரும்.

கறுப்புத் திரைகள் முன்பைவிடக் குறைந்துவிட்டன. ஏஎம்டி, இன்டெல் சிப்களுக்கான டிரைவர் கர்னலோடே வருகிறது, என்விடியாகூட 2022-இல் தன் கர்னல் பகுதியைத் திறந்தது. குறைந்தன, ஒழியவில்லை. எனவே பழைய எல்காட் மடிக்கணினி வைத்திருப்பவர் முதலில் வட்டை அழிக்கவேண்டாம். புதிய பதிப்பு ஒன்றைப் பென்டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டிப் பார்க்கலாம். திரை வந்தால் நிறுவலாம். வராவிட்டால் கேப்ஸ் லாக், டார்ச், நோமோட்செட் என்று வரிசையாகப் பார்க்கலாம். எந்த மாடல், எந்தச் சிப், எந்தப் பதிப்பு, எது வேலை செய்தது என்று நாலு வரி தமிழில் எழுதிப் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. அதே மாடல் இன்னொரு வீட்டிலும் கறுப்பாகத்தான் கிடக்கிறது.